சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்பு: ரகசிய ஆயுதத்தைப் பற்றி அரசு வாய் திறக்கும் விதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட் கடைவீதியில் ஓர் எழுதுபொருள் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிற வரலாற்று வகுப்பைப் பற்றிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) நிறைய பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆளாளுக்குப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடிந்துபோன தவணையின் தலைப்பு இதுதான்: புதிய ஆயுதம், ரகசிய ஆயுதம் என்று வரும்போது அரசாங்கங்கள் மக்களிடம் எதைச் சொல்கின்றன, எப்போது சொல்கின்றன, வாய் திறப்பதற்கு முன் யார் யாரோடு பேசி வைத்துக்கொள்கின்றன. ஒரு தவணைக்குக் கட்டணம் 80 வெள்ளி. மாணவர்களுக்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் 30 வெள்ளி. பாடத்தாளும் தேநீரும் அதிலேயே அடக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

நான் யார் என்று சொன்னால்தான் நான் ஏன் இந்த வகுப்பை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்பது புரியும். வேலை பார்த்த காலமெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய வேனில் தோட்டம் தோட்டமாகப் போய்த் தமிழில் அறிவிப்பு வாசித்தவன் நான். தடுப்பூசி, டெங்கி, வெள்ளம், தண்ணீர் நிறுத்தம், வாக்காளர் பதிவு என்று வாசிக்காத விஷயம் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முன்னால் வேன் நின்றதும் பிள்ளைகள் ஓடி வரும். பெரியவர்கள் திண்ணையிலிருந்து எழுந்திருக்காமலே, "ஐயா, இது நெசந்தானா?" என்று கேட்பார்கள். மலாய்த் தாளில் ஒரு நேரம், தமிழ்த் தாளில் இன்னொரு நேரம் என்று இருந்துவிட்டால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்றாவதாக ஒரு கதை லயம் முழுக்கச் சுற்றி வந்துவிடும். ஓர் அறிக்கை என் கைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை மேசை தாண்டி வருகிறது, எந்த மேசையில் எந்த வரி போகிறது என்பது எனக்கு வாழ்நாள் கேள்வி. அதை ஆயுத விஷயத்தில் வைத்துப் பார்த்தால் பதில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே ஒரு வரி முன்னே பின்னே போனால் உயிர் போகும்.

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். சொற்பொழிவு கிடையாது. வெள்ளைப் பலகையின் நடுவே ஒரு கோடு போடுவார். இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் சொன்னது, இரண்டிலும் தேதி. நடந்த தேதிக்கும் சொன்ன தேதிக்கும் நடுவே எத்தனை நாள், அந்த நாள்களில் யார் கையில் காகிதம் இருந்தது என்று நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்வார். எல்லாம் எப்போதோ பகிரங்கமாகிவிட்ட ஆவணங்கள். முதல் நாளே ஒருவர் 1972ஆம் ஆண்டின் நம்முடைய அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தை நினைத்துத் தயங்கிக் கேட்டார். "இந்த அறையில் யாருடைய ரகசியமும் இல்லை, பழைய ரகசியம் எப்படி வெளியே வந்தது என்பது மட்டும்தான் பாடம்" என்று டீச்சர் நிதானமாகச் சொன்னார்.

முதல் தாள் லண்டன். 1944 செப்டம்பர் 7ஆம் தேதி டங்கன் சாண்டிஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டுகிறார். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் மருமகன் அவர், ஜெர்மானியப் பறக்கும் குண்டுகளைச் சமாளிக்கும் பொறுப்பில் இருந்தவர். ஜூன் 13 முதல் வி-1 குண்டுகள் விழுந்து விழுந்து நகரம் களைத்துப் போயிருந்தது. கடைசியாக ஒன்றிரண்டு வேண்டுமானால் வரலாம், மற்றபடி லண்டன் போர் முடிந்தது என்று அறிவிக்கிறார். மறுநாள் சாயங்காலம் சிஸ்விக் பகுதியில் முதல் வி-2 ராக்கெட் விழுகிறது. மூன்று பேர் சாகிறார்கள்.

பலகையின் வலது பக்கத்தில் அதற்கு எதிரே டீச்சர் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. அரசு வாயே திறக்கவில்லை. எரிவாயுக் குழாய் வெடித்தது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது, அதை யாரும் மறுக்கவும் இல்லை. ஆனால் இன்று ஒரு தெரு, நாளை ஒரு தெரு என்று வெடித்துக்கொண்டே இருந்தால் எந்த மனிதன் குழாய் என்று நம்புவான்? பறக்கும் எரிவாயுக் குழாய் என்று லண்டன்காரர்களே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனி தானே வெளிப்படையாக அறிவித்தது. அதற்கப்புறம் நவம்பர் 10ஆம் தேதிதான் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கும் டீச்சருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. எங்கே விழுந்தது என்று தெரிந்தால் எதிரி குறியைத் திருத்திக்கொள்வான், அதனால்தான் வி-1 விழுந்த காலத்திலேயே பத்திரிகைகள் இடத்தைச் சொல்லாமல் தென் இங்கிலாந்து என்று மட்டும் எழுதின, ஆகவே மௌனம் நியாயம் என்பது அவர் பக்கம். இடத்தை மறைப்பது சரி, நடந்ததையே மறைத்தது சரியில்லை என்பது என் பக்கம். இருந்தாலும் அவர் சொன்ன ஒன்றை நான் ஏற்கிறேன். வி-2 ஒலியைவிட வேகமாக வரும். விழுந்து வெடித்த பிறகுதான் அது வந்த சத்தமே கேட்கும். சங்கு ஊதி எச்சரிக்க வழியே இல்லை. அதாவது, அரசு உண்மையைச் சொல்லியிருந்தாலும் சிஸ்விக்காரர் அந்தத் தெருவில் வேறு எதையும் செய்து தப்பித்திருக்க முடியாது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அடுத்த தாள் ஜெட் விமானம். சின்னத் தாள், ஆனால் கூட்டு அறிக்கை என்றால் என்ன என்பதற்கு நல்ல பாடம். பிரிட்டனின் முதல் ஜெட் 1941 மே மாதமே பறந்துவிட்டது, அமெரிக்காவுடையது 1942 அக்டோபரில். வெளியே சொன்னது 1944 ஜனவரி 6ஆம் தேதி, லண்டனும் வாஷிங்டனும் சேர்ந்து. ரகசியம் இரண்டு பேருக்கும் சொந்தம் என்றால் ஒருவர் தனியாகப் பேசும்போது அடுத்தவருடைய பாதியும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அதனால் நாளையும் வாசகத்தையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அணுகுண்டுப் பாடம் இந்த வகுப்பின் பெரிய பகுதி. கொடுத்த காசுக்கு இது ஒன்றே போதும். டீச்சர் தொடங்கிய இடம் ஹிரோஷிமா அல்ல, 1943 ஆகஸ்ட் 19. கனடாவின் கியூபெக் நகரத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் இதைப் பற்றி மூன்றாம் தரப்புக்குத் தகவல் கொடுக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி. கண்காணிக்க வாஷிங்டனில் ஒரு கூட்டுக் குழு. ஆக, குண்டு தயாராவதற்கு 2 வருடம் முன்பே, அதைப் பற்றி யார் பேசலாம் என்பதற்கு ஒப்பந்தம் தயார்.

அதே 1943 ஜூன் 28இல் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் பத்திரிகைகளுக்கும் வானொலிகளுக்கும் அனுப்பிய ரகசியக் குறிப்பு ஒன்றையும் தாளில் சேர்த்திருந்தார். தலைமை தாங்கிய பைரன் பிரைஸ் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்திலிருந்து வந்தவர், பத்திரிகைக்காரர் மனம் அறிந்தவர். அணு ஆற்றல், கனநீர், யுரேனியம் என்று எதையெதை எழுத வேண்டாம் என ஒரு பட்டியல். "நீங்கள் ஓர் ஆசிரியர், இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வருகிறது, என்ன நினைப்பீர்கள்?" என்று டீச்சர் கேட்டார். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் உடனே, "அங்கே ஏதோ நடக்குதுன்னு நினைப்பேன்" என்றார். சொல்லாதே என்று சொல்வதே ஒரு தகவல். வேனில் போன காலத்திலேயே எனக்கு இது தெரியும், ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒரே காகிதத்தில் பார்த்தபோது அதன் கனம் வேறு மாதிரி இருந்தது.

1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனை. முடிவு எப்படி ஆனாலும் வெளியிட வசதியாகப் பல அறிக்கைகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தன, பெரிய சேதம் நேர்ந்தால் வெளியிட ஒன்று உட்பட. எழுதியவர் வில்லியம் லாரன்ஸ். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் அறிவியல் செய்தியாளரான அவரை, அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் க்ரோவ்ஸ் இந்த வேலைக்கென்றே அழைத்துக்கொண்டார். கடைசியில் வெளியே போனது, அலமகோர்டோ விமானத் தளத்தில் தூரத்தில் இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, யாருக்கும் காயம் இல்லை என்ற அறிக்கை. அதன் கடைசி வரியைப் பாருங்கள்: வெடிப்பில் வாயுக் குண்டுகளும் சிதறியதால், வானிலையைப் பொறுத்துச் சிலரை வீட்டிலிருந்து தற்காலிகமாக வெளியேற்ற வேண்டி வரலாம். கதிர்வீச்சு அளவு மீறினால் ஊரைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அதற்காகப் போட்டு வைத்த வரி. ஆனால் காற்று அடித்த திசையில் குடியிருந்தவர்களை யாரும் வெளியேற்றவில்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தில் அந்த நியூ மெக்சிகோ மக்களுக்கு இடம் கிடைத்ததே 2025இல்தான். இதைப் படித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை.

அப்புறம் ஹிரோஷிமா அறிக்கை. லாரன்ஸ் எழுதிய வாசகம் அலங்காரம் கூடிப்போனது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனத்தில் மக்கள் தொடர்புத் துறைக்குத் துணைத் தலைவராக இருந்த ஆர்தர் பேஜ் அதை மாற்றி எழுதினார். வாசகம் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போய் வந்தது. போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் ஜூலை 30 அன்று ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாட்டில் இருந்த புதிய அதிபர் ட்ரூமனுக்கு அவசரத் தந்தி அடித்தார். ட்ரூமன் கையால் எழுதிக் கொடுத்த பதிலின் நகல் தாளில் இருக்கிறது: யோசனைக்கு ஒப்புதல், தயாரானதும் வெளியிடலாம், ஆகஸ்ட் 2க்கு முன்னால் மட்டும் வேண்டாம். பென்சில் எழுத்து, வந்த தந்தித் தாளின் பின்புறத்திலேயே எழுதியது. அவர் ஒப்புதல் கொடுத்தது அறிக்கைக்கு. அதைக் குண்டுக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு என்று டீச்சர் எச்சரித்தார். அந்தத் தாளைக் கையில் வைத்து நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, வாஷிங்டன் நேரம் காலை 11 மணி. ட்ரூமன் அப்போது கப்பலில், நடுக்கடலில். வெள்ளை மாளிகையில் உதவிப் பத்திரிகைச் செயலாளர் ஈபன் ஏயர்ஸ் வாசகத்தைக் கொடுக்கிறார். 16 மணி நேரத்துக்கு முன் ஓர் அமெரிக்க விமானம் ஹிரோஷிமா என்ற முக்கியமான ஜப்பானிய ராணுவத் தளத்தின் மீது ஒரு குண்டு போட்டது, 20,000 டன் டிஎன்டிக்கு மேலான சக்தி என்று தொடங்குகிறது. அங்கே ஒரு நகரம் நிறைய மனிதர்கள் இருந்தார்கள் என்பது அதில் இல்லை. கதிர்வீச்சு என்பதும் இல்லை. அதே நாளில் ஸ்டிம்சன் பெயரில் நீண்ட அறிக்கை, கனடாவில் அமைச்சர் ஹோவ் பெயரில் ஒன்று, லண்டனில் ஒன்று. லண்டன் அறிக்கையில் ஒரு சங்கடம். வாசகம் சர்ச்சில் தயாரித்தது, ஆனால் ஜூலை 26 தேர்தல் முடிவில் அவர் பதவி போய்விட்டது. புதிய பிரதமர் அட்லி, முன்னவர் எழுதியதையே அப்படியே வெளியிட்டார். ஆட்சி மாறியும் அறிக்கை மாறவில்லை, காரணம் அது பல தலைநகரங்களில் ஒப்புக்கொண்ட வாசகம்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி அணுகுண்டு உருவான விதத்தைப் பற்றி ஸ்மைத் அறிக்கை என்ற தொழில்நுட்ப நூல் வெளிவந்தது. இவ்வளவு ரகசியத்துக்குப் பிறகு ஏன் புத்தகமே போட்டார்கள்? எது பேசலாம், எது பேசக்கூடாது என்று விஞ்ஞானிகளுக்கும் செய்தியாளர்களுக்கும் ஓர் எல்லை வேண்டும். இதற்குள் இருப்பது பேசலாம், இதற்கு வெளியே ஒரு வார்த்தை கூடாது. வெளிப்படையாகச் சொல்வதுபோல் சொல்லி, மற்றதைப் பூட்டுவது. செப்டம்பர் 5ஆம் தேதி வில்ஃப்ரெட் பர்ச்செட் என்ற செய்தியாளர் ஹிரோஷிமாவுக்கே போய், காயமே படாதவர்களும் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் எழுதியபோது அந்தப் பூட்டு ஆடியது. கதிர்வீச்சால் சாகிறார்கள் என்ற பேச்சை மறுக்க, சில நாள்களில் க்ரோவ்ஸ் செய்தியாளர்களை நியூ மெக்சிகோ சோதனைத் திடலுக்கே அழைத்துப் போய்க் காட்டினார். மறுப்பும் ஒருங்கிணைத்துத்தான் செய்யப்பட்டது.

இவ்வளவும் படிப்பு. இந்த வகுப்பை நான் எல்லோருக்கும் சொல்வதற்கு உண்மையான காரணம் இனி வருவது.

1944 நவம்பர் முதல் ஜப்பான் ராணுவம் காகிதப் பலூன்களில் குண்டு கட்டி, பசிபிக் கடலைத் தாண்டும் காற்றில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. மொத்தம் 9,000க்கும் மேல். பலூன் காகிதத்தை ஒட்டிய கைகளில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் கைகளும் உண்டு. சில நூறு பலூன்கள் போய்ச் சேர்ந்தன. 1945 ஜனவரி 4ஆம் தேதி தணிக்கை அலுவலகம் பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது: இதைப் பற்றி எழுதாதீர்கள். எல்லோரும் கட்டுப்பட்டார்கள். பலன் கிடைத்தது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற செய்தியே ஜப்பானுக்குப் போகவில்லை, ஏப்ரலில் அனுப்புவதை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். அரசு அலுவலகத்தில் இருப்பவர் இதை வெற்றி என்றுதான் எழுதுவார்.

மே 5, ஓரிகன் மாநிலத்தில் பிளை என்ற மரவெட்டு ஊர். தேவாலயப் போதகரும் கர்ப்பிணியான அவர் மனைவியும் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் 5 பேரை மலைக்காட்டுக்கு உல்லாசமாகக் கூட்டிப் போகிறார்கள். போதகர் காரை நிறுத்தப் போனார். பிள்ளைகள் தரையில் என்னவோ கிடப்பதைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். வெடித்தது. அந்த அம்மாவும் 5 பிள்ளைகளும் செத்துப்போனார்கள். அது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மே 22ஆம் தேதி போர்த்துறையும் கடற்படைத் துறையும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன: இப்படிப் பலூன்கள் உண்டு, கண்டால் தொடாதீர்கள்.

லண்டன் கணக்கை இங்கே கொண்டு வந்து வையுங்கள். அங்கே உண்மை தெரிந்திருந்தாலும் தப்பிக்க வழி இல்லை. இங்கே ஒரு வரி தெரிந்திருந்தால் ஆறு பேரும் வீடு திரும்பியிருப்பார்கள். எதிரிக்கு உதவும் தகவல் வேறு, குடிமகன் உயிரைக் காக்கும் தகவல் வேறு. இரண்டையும் பிரித்து எழுத ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் ஒருங்கிணைப்பு என்ற வேலையின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். மூன்று அலுவலகம் ஒரே வாசகத்தைச் சொல்வது அதற்கப்புறம்தான்.

டீச்சர் எங்களுக்கு வேலை கொடுத்தார். இடம், தேதி, எண்ணிக்கை எதுவும் எதிரிக்குத் தெரியக்கூடாது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை படித்தால் தப்பிக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள் என்றார். ஆறாம் படிவ மாணவன் ஒருவன் எழுந்து வாசித்தான்: "அறிமுகமற்ற பொருள்களைக் கண்டால் தொடுவதைத் தவிர்க்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." பிழை ஒன்றும் இல்லை, இப்படித்தான் நாம் எல்லோரும் வாசித்துப் பழகியிருக்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் கையைத் தூக்கினார். "தம்பி, இத எம்புள்ளகிட்ட படிச்சா சரிம்மான்னு சொல்லிட்டு ஓடிரும். எதத் தொடக்கூடாது? காகிதமா, கயிறா, இரும்பா? தொடாம என்ன பண்ணணும்? அதச் சொல்லுப்பா."

பையன் உட்கார்ந்து மறுபடி எழுதினான். பலகையில் ஏறியது இது: "காட்டிலோ தோட்டத்திலோ பெரிய வெள்ளைக் காகிதப் பையோ, கயிற்றில் கட்டிய இரும்போ கிடந்தால் கிட்டப் போகாதே. கையால் தொடாதே, கம்பால் குத்தாதே, கல்லால் அடிக்காதே. வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்." ஜப்பானியத் தளபதி இதைப் படித்தாலும் அவருக்கு ஒரு பலூன் எங்கே விழுந்தது என்று தெரியப்போவதில்லை. அந்தக் கம்பால் குத்தாதே என்பதை அக்காதான் சேர்க்கச் சொன்னார். பிள்ளைகள் அதைத்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும். வாஷிங்டனில் அந்த ஜனவரி மாதம் இப்படி ஒருவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது.

பிற்காலத்துப் பாடங்கள் வேகமாக ஓடின. 1949 செப்டம்பர் 23 அன்று சோவியத் அணுகுண்டுச் சோதனையை ட்ரூமன் அறிவித்ததும், பிரிட்டனும் கனடாவும் அதே நாளில் கூடவே பேசியதும், இரண்டு நாள் கழித்து டாஸ் செய்தி நிறுவனம் பெரிய கட்டுமான வேலைகளுக்கு வெடி வைக்கிறோம் என்ற தோரணையில் பதில் சொன்னதும். ரேடாரில் சிக்காத எஃப்-117 விமானம் 1981இல் பறந்து, 1988 நவம்பர் 10 அன்று மங்கலான ஒரே படத்தோடு ஒப்புக்கொள்ளப்பட்டது. 2021 செப்டம்பர் 15, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றின் தலைவர்களும் காணொளியில் சேர்ந்து ஆக்கஸ் நீர்மூழ்கி உடன்பாட்டை அறிவித்தது. மூன்று பேருக்குள் ஒருங்கிணைப்பு அபாரம், ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு நீர்மூழ்கி கட்டித் தர ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருந்த பிரான்சுக்குச் சில மணி நேரத்துக்கு முன்தான் தெரியும், தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நம் நாடும் இந்த வட்டாரத்தில் ஆயுதப் போட்டி கூடும் என்று கவலை தெரிவித்தது. யாரோடு பேசி வைத்துக்கொண்டார்கள் என்பதோடு யாரை விட்டுவிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம், இன்னும் நிதானமாக நடத்தியிருக்கலாம்.

என் பெரிய வருத்தம் மலாயா பாடம். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் தொடங்கிய ஊர் இது. நம் அப்பா, தாத்தா காலத்தில் முள்வேலி, ஊரடங்கு, அரிசிப் பங்கீடு எல்லாம் பார்த்த மண். காட்டுக்கு மேலே விமானத்திலிருந்து துண்டறிக்கை கொட்டியதும், ஒலிபெருக்கி கட்டிய விமானம் சரணடையச் சொல்லிப் பறந்ததும் இங்கேதான். இதற்குக் கடைசி நாளில் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. சாலையோரப் புதர்களையும் காட்டுக்குள் இருந்த பயிர்களையும் அழிக்கப் பிரிட்டிஷார் களைக்கொல்லி தெளித்ததைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. அந்தக் காலத்தில் புதிதாக வந்த மருந்து, போருக்குப் பயன்பட்டது, தெளித்த இடம் ஜனங்கள் நடமாடிய இடம். அதைப் பற்றி யாருக்கு என்ன சொன்னார்கள் என்ற கேள்வியை ஓரிகனுக்கு முன்னால் இங்கே கேட்டிருக்க வேண்டும். டீச்சரிடம் நேரிலேயே சொன்னேன். குறித்துக்கொண்டார்.

இந்தியாவின் 1974, 1998 சோதனைகளும் அப்படித்தான். 1998 மே 11 சாயங்காலம் வாஜ்பாயி சில வரிகளில் முடித்த அந்த அறிவிப்பு தனி வகுப்புக்குத் தாங்கும். பெயர் மட்டும் சொல்லி நகர்ந்தார்கள்.

பாடத்தாள் எல்லாம் ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் உண்டு. தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தது நல்ல மனசு, ஆனால் தாளைப் படிக்க முடியாவிட்டால் அந்த மனசு பாதியில் நின்றுவிடும். உதிரிப் பழ அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த மாணவிதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நகல் எடுத்த தரம் நன்றாக இருக்கிறது, பழைய தட்டச்சு எழுத்துகூடத் தெளிவு.

இடத்தைப் பற்றி: படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது, ஒலிபெருக்கி கிடையாது, முன்னால் உட்காருங்கள். தே தாரிக் கீழே உள்ள ஒட்டுக்கடையிலிருந்து வருகிறது, சூடாக, கூடவே பருப்பு வடை. மோட்டாரில் வருகிறவர்களுக்குப் பின்சந்தில் நிறுத்த இடம் உண்டு.

யாருக்குப் பொருந்தும்? ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மில் வரலாறு எடுக்கும் மாணவர்களுக்கு, பத்திரிகையில் இருக்கிறவர்களுக்கு, அரசு அலுவலகத்திலோ தோட்ட ஆபீசிலோ அறிவிப்பு எழுதும் கிராணிமாருக்குக் கட்டாயம். போர்க் கதைகளும் ஆயுதங்களின் தொழில்நுட்பமும் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இங்கே குண்டு எப்படி வேலை செய்கிறது என்பது பேச்சே இல்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மலாயா பாடத்துக்கு நியாயம் செய்தால் ஐந்தும் கொடுப்பேன்.

அடுத்த தவணை தீபாவளி கழிந்ததும். கீழே எழுதுபொருள் கடைக் கல்லாவில் பெயர் கொடுத்தால் போதும், முன்பணம் இல்லை. மலாயா அவசரகால அறிக்கைகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். பாடத்தாளைத் தமிழாக்கும் வேலையை நானும் அந்த மாணவியும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலூன் தாளும் ட்ரூமன் தாளும் முடிந்துவிட்டன, லண்டன் தாள் பாதியில் இருக்கிறது. பழைய துண்டறிக்கை யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது இருந்தால் கொண்டு வாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.